ஒரே ஒருவருக்கான கதை

தமிழ்நாட்டில் வழங்கிய ஒரு நாட்டுப்புறக் கதையை ஏ.கே. ராமானுஜன் தன் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். ஒரு விதவைத் தாய். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நான்கு பேரும் அவளைத் திட்டுகிறார்கள், படுத்துகிறார்கள். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் ஆளில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி அடக்கி அவள் உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, கூரை இல்லாத பாழடைந்த வீடு ஒன்றுக்குள் நுழைகிறாள். எதிரே இருந்த சுவரிடம் மூத்த மகன் செய்ததையெல்லாம் சொல்கிறாள். பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றி. மூன்றாவது, நான்காவது சுவர்களிடம் மற்ற இருவரைப் பற்றி. நான்கு சுவரும் விழுந்த பிறகு, இடிபாடுகளுக்கு நடுவே உடம்பும் மனசும் லேசாகி நிற்கிறாள்.

இந்தக் கதையில் மகன்கள் திருந்தவில்லை, மருமகள்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் திரும்பிப் போகவேண்டியதும் அதே வீட்டுக்குத்தான். இதைக் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது, இதைச் சொல்லிவந்த பெண்களில் எத்தனை பேர் தங்கள் சொந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று. ‘என் பிள்ளை என்னை இப்படி நடத்துகிறான்’ என்று வாய் திறக்க முடியாதவள், ‘ஒரு ஊர்ல ஒரு கிழவி இருந்தாளாம்’ என்று ஆரம்பிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. கேட்பவளும் தன்னை அந்தக் கிழவிக்குள் வைத்துக்கொண்டு அழலாம். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் கதைக்காக என்று சொல்லிவிடலாம்.

மன வேதனைக்குக் கற்பனைக் கதையைப் பயன்படுத்தும் முறை இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது. உளநல ஆலோசகர்களும் குழந்தைகளோடு வேலை செய்பவர்களும் இதைப் பல பெயர்களில், பல விதங்களில் செய்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட மனிதருக்காக, அவருடைய ஒரு குறிப்பிட்ட வலியை மனதில் வைத்து, நிஜத்தில் இல்லாத ஓர் உலகத்தில் நடப்பதாக ஒரு கதையை உருவாக்குவது. கதையில் அந்த மனிதர் இருக்க மாட்டார், அவருடைய உணர்ச்சி இருக்கும். கதாநாயகன் ஆமையாக இருக்கலாம், மேகமாக இருக்கலாம், உடைந்த குடையாகவும் இருக்கலாம்.

நீதிக்கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. பஞ்சதந்திரக் கதைகள் மூன்று இளவரசர்களுக்குப் புத்தி வரவேண்டும் என்று சொல்லப்பட்டவை. அந்த நூலின் முன்கதையே அப்படித்தான் சொல்கிறது. அவை எப்படிப் பிழைப்பது என்று சொல்லித் தருகின்றன. நாம் பேசும் கதை யாருக்கும் எதையும் கற்றுத்தர வருவதில்லை. உனக்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது என்று, சொல்லாமல் சொல்ல வருகிறது.

ஏன் நேரடியாகப் பேசக்கூடாது?

பேசலாம். பேச முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் ஏழு வயதுக் குழந்தையிடம் ‘ஏன்டா கண்ணு கோவமா இருக்க?’ என்று கேட்டுப் பாருங்கள். தோளைக் குலுக்கும், இல்லையென்றால் ஓடிவிடும். அதற்குப் பதில் தெரியவில்லை என்பது ஒரு காரணம். தெரிந்தாலும், சொன்னால் அம்மா வருத்தப்படுவாளோ என்ற பயம் இன்னொரு காரணம். பெரியவர்களும் இதில் பெரிதாக மாறிவிடுவதில்லை. அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியும் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும்.

தன்னைவிட்டு ஓர் அடி தள்ளி நிற்பது மனதுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதற்கு 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். ரேச்சல் ஒயிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 4 வயது, 6 வயதுக் குழந்தைகள் 180 பேருக்குப் பத்து நிமிடம் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அலுத்துப்போனால் எழுந்து போய் விளையாட, ஈர்க்கும்படியான ஒரு ஐபேட் விளையாட்டும் அங்கேயே இருந்தது. ஒரு குழுவிடம் ‘நான் நன்றாக வேலை செய்கிறேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு குழு தன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. மூன்றாவது குழு தனக்குப் பிடித்த ஒரு பாத்திரமாக மாறி, ‘பேட்மேன் நன்றாக வேலை செய்கிறாரா?’ என்று கேட்டுக்கொண்டது. அதிக நேரம் தாக்குப்பிடித்தது பேட்மேன்கள்தான். துக்கத்தைப் பற்றிய ஆய்வு இல்லை இது. ஆனாலும் வேறொருவராக மாறி நின்றால், தன்னிடம் இருப்பதே தெரியாத ஒரு பலம் கைக்கு வருகிறது என்பதை இது எளிமையாகக் காட்டிவிடுகிறது.

கதை அந்த இடைவெளியைத் தருகிறது. சின்ன ஆமைக்குப் பயம் என்றால் அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அது நம் பயம் இல்லையே. இடைவெளி அதிகமாகிவிட்டால் கதை யாரையும் தொடாமல் போய்விடும். மிகக் குறைவாக இருந்தால் ‘என்னைத்தான் சொல்றீங்க’ என்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த அளவு கைவருவதுதான் கொஞ்சம் பழக்கம் வேண்டிய வேலை.

‘தனக்கே உரியது’ என்றால் பெயர் போடுவது இல்லை

குழந்தையின் பெயரையும் படத்தையும் போட்டு அச்சடித்துத் தரும் கதைப்புத்தகங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. பிறந்தநாளுக்குக் கொடுக்க நல்ல பரிசு. ஆனால் இங்கே தேவைப்படுவது அநேகமாக அதற்கு நேர் எதிரானது. பெயரை மாற்றிவிட வேண்டும், உலகத்தை அந்த மனிதருடையதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது மில்டன் எரிக்சன் 1966இல் எழுதிய ஒரு நிகழ்வு. எரிக்சன் அமெரிக்க மனநல மருத்துவர், ஹிப்னாடிசம் என்ற மனவசிய முறையால் சிகிச்சை செய்தவர். 17 வயதில் போலியோ தாக்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், சின்னத் தங்கை நடக்கப் பழகுவதைப் பார்த்துப் பார்த்து மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டவர். அவரிடம் ஜோ என்று ஒரு நோயாளி. ஜோ பூக்கள் வளர்த்து விற்றவர். முகத்தில் புற்றுநோய். தொண்டையில் துளையிட்டிருந்ததால் பேச முடியாது, காகிதத்தில் எழுதித்தான் பேசுவார். வலிக்கு மருந்துகள் போதவில்லை. ஹிப்னாடிசம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

எரிக்சன் அவரிடம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தக்காளிச் செடியைப் பற்றிப் பேசினார். விதையை மண்ணில் ஊன்றுகிறோம், மழை வருகிறது, வெயில் வருகிறது, வேர் இறங்குகிறது, அது வளர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை, செடிக்குள் ஒரு நிம்மதி இருக்குமோ என்னவோ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓய்வு, சுகம், நிம்மதி என்ற சொற்கள் செடியின் கதைக்குள் ஊடாக வந்துகொண்டே இருந்தன. அதன் பிறகு ஜோவின் வலி தணிந்தது, வீட்டுக்குத் திரும்ப முடிந்தது என்று எரிக்சன் பதிவு செய்திருக்கிறார். சில மாதங்களில் ஜோ இறந்தார். நோய் குணமாகவில்லை. ஒருவருடைய அனுபவத்தை வைத்து, புற்றுநோய் வலிக்குத் தக்காளிக் கதை போதும் என்று யாரும் முடிவுகட்டவும் கூடாது. நான் கவனிக்கச் சொல்வது அவர் தேர்ந்தெடுத்த பொருளைத்தான். வாழ்நாளெல்லாம் செடிகளோடு இருந்த மனிதரிடம் கடலைப் பற்றியோ மலையைப் பற்றியோ பேசவில்லை. ஜோவுக்குக் கையால் தெரிந்த விஷயம் செடி. அந்த உலகத்துக்குள் அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் நுழைந்திருப்பார்.

ஆகவே கதை கட்ட உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மனிதர் எதை நேசிக்கிறார் என்பது. ஒரு குழந்தைக்கு அது எறும்பு, இன்னொன்றுக்கு ஜேசிபி. ஒரு தாத்தாவுக்கு மாட்டுச் சந்தை, ஓர் இளம்பெண்ணுக்குத் தையல் மிஷின்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஏழு. அப்பா வேலைக்காக வளைகுடாவுக்குப் போய்விட்டார், வர இரண்டு வருடம் ஆகும். போன புதிதில் பையன் அழுதான். இப்போது அழுவதில்லை. ஆனால் அப்பா வீடியோ காலில் வந்தால் போனிடம் வர மறுக்கிறான், தங்கையைக் கடிக்கிறான். ‘அப்பா உனக்காகத்தான்டா கஷ்டப்படுறாங்க’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த உண்மை அவன் வாயை இன்னும் இறுக மூடிவிடுகிறது. தனக்காகக் கஷ்டப்படுகிறவர் மேல் எப்படிக் கோபப்படுவது? பையனுக்குப் பஸ் என்றால் உயிர். எந்த வண்டி எந்த ரூட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

முதலில் உணர்ச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘அப்பா இல்லை’ என்பது நிலைமை மட்டும். உணர்ச்சி என்பது, அப்பா மேல் கோபம், அந்தக் கோபம் தப்பு என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்து முடிச்சாகிக் கிடப்பது. கதை இந்த முடிச்சைத்தான் தொட வேண்டும்.

சரி, கதை. ஒரு டிப்போவில் ஒரு சின்னப் பச்சை பஸ் இருந்தது. ராத்திரியானால் பெரிய பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஊரில் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டும் பேசிக்கொள்ளும், ஏனென்றால் அந்த ஊர் பஸ்களுக்குப் பேசத் தெரியும். ஒருநாள் பெரிய பஸ்ஸுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ரொம்ப தூர ரூட் போட்டுவிட்டார்கள். அங்கே போனால் இரண்டு மழைக்காலம் முடிந்துதான் திரும்ப முடியும். போன பிறகு தினமும் சாயங்காலம் மலையைத் தாண்டி பெரிய பஸ்ஸின் ஹாரன் சத்தம் மெல்லக் கேட்கும். சின்ன பஸ் பதில் ஹாரன் அடிக்காது. லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல நின்றுகொள்ளும்.

அடிக்காத ஹாரன் எல்லாம் எங்கே போகும்? எஞ்சினுக்குள் சேர்ந்துகொண்டே வந்தது. சின்ன பஸ்ஸுக்கு இருமல் வந்தது. ஏறும் ஆட்களைக் குலுக்கியது, பக்கத்தில் நின்ற மினி பஸ்ஸை இடித்தது. எல்லோரும் டயரைப் பார்த்தார்கள், டீசலைப் பார்த்தார்கள், ஒன்றும் புரியவில்லை. டிப்போவின் தகரக் கூரையில் ஒரு கிழட்டு ஆந்தை குடியிருந்தது. அது கேட்டது, ‘உனக்குள்ள எத்தனை ஹாரன் மாட்டிக்கிட்டு இருக்கு?’ சின்ன பஸ் சொன்னது, ‘நிறைய. ஆனா எல்லாமே கோவ ஹாரன். கோவ ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.’ ஆந்தை கொஞ்ச நேரம் யோசித்தது. ‘இந்த டிப்போவுல அப்படி ஒரு போர்டு நான் பார்த்ததில்லையே’ என்றது.

அன்றைக்கு ராத்திரி சின்ன பஸ் எல்லா ஹாரனையும் அடித்தது. முதலில் வந்ததெல்லாம் கோபம், தகரக் கூரையே அதிர்ந்தது. நடுவில் ஒன்று அழுகையாக வந்தது. கடைசியில் ஒன்று ரொம்பச் சின்னதாக வந்தது. மறுநாள் சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது சின்ன பஸ் ஒரு பெரிய கோவ ஹாரன் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பதில் வந்தது, ‘அடேயப்பா! என்ன சத்தம்! உன்னோட ஹாரன்தானே இது? எனக்குக் கேட்டுச்சு.’

இதில் பெரிய பஸ் திரும்பி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கதை கட்டுகிறவருக்கு அடிக்கும் பெரிய ஆசையே அதைத் திரும்ப வரவைப்பதுதான். மலையில் வழி மாறி, மந்திரக் காற்று அடித்து, மறுநாளே டிப்போவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னால் குழந்தை அந்த நிமிடம் சிரிக்கும். ஆனால் நிஜத்தில் அப்பா வரப்போவதில்லை, அது அவனுக்கும் தெரியும். கதை பொய் சொல்கிறது என்று தெரிந்த குழந்தை அடுத்த கதையை நம்பாது. கற்பனை உலகத்தில் பஸ் பேசலாம், ஆந்தை யோசனை சொல்லலாம். மாற்ற முடியாத இழப்பை மட்டும் மாற்றக் கூடாது. பாட்டி இறந்துபோன குழந்தைக்குச் சொல்லும் கதையில் பாட்டிமரம் மறுபடி துளிர்க்கக் கூடாது என்பேன். இதில் சிலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், ஆனாலும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்று, ஆந்தை பிரச்சினையைத் தீர்த்துவைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டது, ஒரு தடையை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஹாரனை அடித்தது சின்ன பஸ். துணைக்கு வருகிற பாத்திரம் எல்லாவற்றையும் செய்துவிட்டால், உன்னால் முடியாது, பெரியவர்கள் வந்தால்தான் ஆகும் என்ற செய்தி குழந்தைக்குப் போய்ச் சேரும்.

கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரியுது?’ என்று கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். ‘நீயும் அந்தச் சின்ன பஸ் மாதிரிதானே?’ என்பது அதைவிட மோசம். அவ்வளவு பாடுபட்டுக் கொடுத்த முகமூடியை நாமே பிடுங்கிவிட்டதாகிவிடும். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை ஏதாவது கேட்டால் பஸ் உலகத்துக்குள் இருந்தே பதில் சொல்லுங்கள். நாளைக்கும் அதே கதையைக் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

குழந்தை கதையை மாற்ற ஆரம்பித்தால் இன்னும் நல்லது. ‘இல்ல, சின்ன பஸ் போய் பெரிய பஸ் டயரை பஞ்சர் பண்ணிடும்’ என்று சொன்னால் அதட்ட வேண்டாம். ‘ஓஹோ, அப்புறம் பெரிய பஸ் என்ன பண்ணுச்சு?’ என்று கேட்டால் போதும். இந்தக் கொடுக்கல் வாங்கலையே ஒரு முறையாக ஆக்கியவர் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர். 1971இல் இதைப் பற்றி நூல் எழுதினார். குழந்தையை ஒரு கற்பனை நிகழ்ச்சியின் சிறப்பு விருந்தினராக அழைத்து, டேப் ரெக்கார்டர் முன்னால் சொந்தமாக ஒரு கதை சொல்லச் செய்வார். பிறகு அதே பாத்திரங்களை வைத்து, அதே சிக்கலுக்கு இன்னும் ஆரோக்கியமான ஒரு வழியைக் கண்டடையும் கதையைத் தான் சொல்வார். பெற்றோர் பிரிவு வழக்குகளைப் பற்றி அவர் பிற்காலத்தில் முன்வைத்த கருத்துகள் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. அது வேறு விஷயம், ஆனால் அவர் பெயரைத் தேடுகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலில் குழந்தை சொல்லட்டும், பிறகு நாம் சொல்லலாம் என்ற இந்த வரிசை மட்டும் இன்றும் பயன்படுகிறது.

பிரச்சினையையே ஒரு பாத்திரமாக்கும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் குடும்ப ஆலோசகர் மைக்கேல் ஒயிட்டும், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் வளர்த்தெடுத்த முறை இது. உடையிலேயே மலம் கழித்துவிடும் ஒரு ஆறு வயதுச் சிறுவனின் குடும்பத்தோடு ஒயிட் பேசியபோது, அந்தத் தொல்லைக்கு ஒரு குறும்புக்காரப் பெயர் வைத்து, வெளியே இருந்து வந்து வம்பு பண்ணும் ஓர் ஆசாமியாக ஆக்கினார்கள். அவன் எப்போதெல்லாம் உன்னை ஏமாற்றப் பார்க்கிறான், அவனிடம் நீ ஏமாறாத நாள் உண்டா என்று பேச்சு போனது. அதுவரை ‘கெட்ட பையன்’ என்று ஒரு பக்கம் நின்ற சிறுவனும், களைத்துப்போன அப்பா அம்மாவும் ஒரே அணிக்கு வந்துவிட்டார்கள். பயம், கோபம், படுக்கையில் நனைப்பது போன்றவற்றுக்கு வீட்டிலேயே முயன்று பார்க்க ஏற்ற வழி இது. பெயரைக் குழந்தை வைக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

உண்மையிலேயே பலன் உண்டா?

கதை கேட்பது உடம்பிலேயே மாற்றத்தை உண்டாக்குகிறது என்று 2021இல் பிரேசிலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கதை சொன்னார்கள், இன்னொரு பாதியோடு விடுகதை விளையாடினார்கள். இரண்டு குழுவிலும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது, நெருக்க உணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியது, வலி குறைந்ததாகக் குழந்தைகள் சொன்னார்கள். கதை கேட்ட குழுவில் இந்த மாற்றம் அதிகம். அவை அந்தந்தக் குழந்தைக்கென்று கட்டிய கதைகள் இல்லை, சாதாரணக் கதைகள்தான். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கதை சொல்வதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எண்ணிக்கையில் அடங்காத ஒரு சாட்சி மட்டக்களப்பில் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் மற்றவர்களோடு சேர்ந்து அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் உறவுகளை இழந்த, பார்க்கக்கூடாததைப் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். என்ன நடந்தது சொல் என்று யாரையும் உட்காரவைத்து விசாரிக்காத ஓர் இடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

அதே நேரம், கதையால் ஆகாத காரியங்கள் உண்டு. குழந்தை சாப்பிடுவதை, தூங்குவதை, பள்ளிக்குப் போவதை வாரக்கணக்கில் விட்டுவிட்டால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், செத்துப்போகலாம் என்று ஒருவர் ஒரே ஒரு முறை சொன்னாலும், கதையை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ போக வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஆகிய எண்களில் பேசலாம். கதை விளையாட்டின் நடுவே, யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதை ஒரு குழந்தை நரி, ஓநாய் என்று சொல்லி வெளிப்படுத்தக்கூடும். அப்போது கதைக்குள்ளேயே துருவித் துருவிக் கேட்காமல், நீ சொன்னது நல்லது என்று சொல்லிவிட்டு உதவி தேடுங்கள். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 குழந்தைகளுக்கான எண்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கதை எழுதித் தருமே என்று சிலர் கேட்கிறார்கள். யோசனை தோன்றாதபோது ஒரு தொடக்கத்துக்கு உதவலாம். ஆனால் குழந்தையின் பெயர், பள்ளி, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள். ‘இந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன வலிக்கிறது’ என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசிப்பதும் கதையின் பகுதிதான். அந்த யோசனையை வெளியே கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான கதை மட்டும்.

பெரியவர்களுக்கு

பெரியவர்கள் தங்களுக்காகவே கட்டிக்கொள்ள ஒரு நல்ல சட்டகம் இருக்கிறது. இஸ்ரேலின் வடக்கு எல்லையில், குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்த மக்களோடு வேலை செய்த உளவியலாளர் மூலி லஹாத் உருவாக்கியது. ஒரு தாளை ஆறு கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைய வேண்டும். முதலில் ஒரு நாயகன் அல்லது நாயகி, எந்த உலகத்திலிருந்தும் வரலாம். அடுத்து அவர் செய்ய வேண்டிய காரியம். பிறகு யார் அல்லது எது உதவும், எது குறுக்கே நிற்கும், அதை எப்படிச் சமாளிக்கிறார், கடைசியில் என்ன ஆகிறது. வரையத் தெரியாவிட்டால் குச்சி மனிதர்கள் போதும். பிறகு அதைக் கதையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலருக்கு ‘யார் உதவும்’ என்ற கட்டம்தான் காலியாகவே கிடக்கும். அது காலியாக இருக்கிறது என்று தெரியவருவதே ஒரு பெரிய செய்தி.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கும் ஏறக்குறைய இதே மாதிரியான ஒரு வழி உண்டு. கனவைப் பகலில் எழுதி, அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பேரி கிராகோவும் அவருடன் பணியாற்றியவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவு குறைந்தது, தூக்கம் மேம்பட்டது. மாற்றம் தர்க்கத்துக்கு ஒத்துவர வேண்டியதில்லை. துரத்துகிறவன் பஞ்சுமிட்டாயாகக் கரைந்துபோகலாம். ஆனால் பெரிய கொடுமையைக் கடந்து வந்தவர்கள் இதைத் தனியாகத் தொடங்காமல் ஓர் ஆலோசகரின் துணையோடு செய்வதே பாதுகாப்பு.

எழுதுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் ஆழமான காயத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. கற்பனைக் கதையாக எழுதினாலும் இது நேரலாம். ஆகவே இரவு படுக்கப் போகும் நேரத்தில் எழுத உட்காராதீர்கள். வீட்டில் யாராவது இருக்கும் மாலை நேரமாகப் பார்த்து, 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். முடித்ததும் எழுந்து போய் கொஞ்ச தூரம் நடங்கள், இல்லாவிட்டால் யாருடனாவது உட்கார்ந்து டீ குடியுங்கள். எழுதிய தாளை வைத்திருப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். யாருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.